வினோஜா ரொறன்ரோவில் இருக்கிறாள்

1
மல்லாவி பஸ்ஸில் ஒரு பெண், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "ஓம் அம்மா, வெள்ளிக்கிழமை டொக்டரிட்ட வாங்கோ" என்று கனடாவிலிருக்கும் யாருக்கோ சொல்லிக்கொண்டு வந்தாள். கதை அங்கேதான் பிடித்தது. அவளுக்கு வினோஜா என்று பெயர் வைத்தேன்.

முதல் வரி இப்படி இருந்தது: "தொழில்நுட்பம் தூரத்தை" – வேண்டாம், வெட்டிவிட்டேன்.

2
ரொறன்ரோவில் ஒரு தமிழ் டொக்டர். தவணை குறிப்பது, நினைவூட்டுவது, ரிப்போர்ட் அனுப்புவது எல்லாவற்றையும் மல்லாவியிலிருக்கும் வினோஜாவிடம் விட்டிருந்தார். நோயாளிகளின் விசயம் வெளியில் போகக்கூடாது. எங்கிருந்து கதைக்கிறாள் என்றும் சொல்லக்கூடாது.

இராசேஸ்வரி என்ற நோயாளி மட்டும் தவணை குறித்த பிறகும் போனை வைக்கமாட்டா.

"பிள்ளை எவடம்?"

"இங்கதான் அம்மா, ரொறன்ரோ."

"உங்கட கதை எங்கட பக்கம் மாதிரிக் கிடக்கு. மல்லாவியில என்ர தங்கச்சி, நேசமலர். அம்மான்ர செத்தவீட்டுக்கு நான் வரேல்லை எண்டு கோவம். போன் எடுக்கிறாளில்லை. எனக்கு ஒப்பரேசன் எண்டு ஆரும் அவளுக்குச் சொன்னால்..."

நேசமலரின் வீடு வினோஜாவின் ஒழுங்கையில்தான். (இவ்வளவு தற்செயல் தேவையா? மல்லாவி சின்ன இடம். விட்டுவிட்டேன்.)

3
அவளைத் துணிச்சல்காரியாக எழுதிப் பார்த்தேன். நேசமலர் வீட்டு வாசல் படலையைத் திறந்தாள், எல்லாவற்றையும் சொன்னாள், நேசமலர் உடனே போனை எடுத்து –

இல்லை. வேலை போனால் வீட்டில் வேறு உழைப்பில்லை. படலைவரை போனாள்தான்.

"என்ன பிள்ளை?" என்றா நேசமலர்.

"கொஞ்சம் கறிவேப்பிலை தாறியளோ அன்ரி?"

கை நிறையக் கிடைத்தது.

4
ஒப்பரேசன் முடிந்த கிழமை டொக்டரின் செய்தி வந்தது: இராசேஸ்வரி காலமாகிவிட்டார், மிச்சத் தவணைகளை நீக்கவும். நிச்சயமாக நீக்கவா என்று திரை கேட்டது. வினோஜா ஓம் என்பதை அழுத்தினாள்.

ஒழுங்கையில் அழுகுரல் கேட்டது. போனாள். கதிரையில் இருந்த நேசமலர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டா.

"கடைசிவரைக்கும் அக்கா என்னில கோவத்தோடதான் போயிருப்பா, என்ன பிள்ளை?"

5
ஒரு முடிவில், "இல்லை அன்ரி, அக்கா உங்களைத்தான் கேட்டவா" என்கிறாள் வினோஜா. நேசமலர் அழுது ஆறுகிறா. இன்னொன்றிலும் அதையேதான் சொல்கிறாள். நேசமலர் கையை உதறுகிறா. "தெரிஞ்சும் பேசாமல் இருந்தனியோ?"

முதலாவதை மட்டும் நடக்கவிட எனக்கு வழி தெரியவில்லை. வினோஜா எழும்பிவிட்டாள் என்று எழுதினால், நேசமலர் இன்னும் கையை விடவில்லையே.

இனி நீங்கள் அந்த இடத்தில் இருங்கோ. கேள்வி கேட்டாயிற்று. அவ உங்களைத்தான் பார்க்கிறா.