நான்காம் மனைவியின் அத்தியாயம்

லொரேன் வரலாற்று மனிதர்களின் வாழ்க்கையை எழுதுகிறவள். பிஸ்கட்டவே என்ற அமெரிக்க ஊரில் பேராசிரியையாக இருந்துகொண்டே இரண்டு பெரிய புத்தகங்களை முடித்திருந்தாள். மூன்றாவதாக எடுத்துக்கொண்டது சொந்தக் கொள்ளுத்தாத்தா ஜோசையாவை. பாலைவனத்தில் வாய்க்கால் வெட்டி ஓர் ஊரையே உண்டாக்கியவர் அவர். மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த அவள் குடும்பத்தில் அவரைக் குறை சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆனால், அந்தப் பிரிவில் ஒருவரே பல மனைவியரோடு வாழ்ந்த அக்காலத்தில், நான்காம் மனைவி ஹன்னாவை, மூத்தவளோடு ஒத்துப்போகவில்லை என்று, கொட்டும் பனியில் கைக்குழந்தையோடு வெளியே அனுப்பியவரும் அவர்தான். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பேசமாட்டார்கள்.

2004இல் கைப்பிரதியை அப்பாவுக்கு அனுப்பினாள். சிறுவயதில் ஜோசையாவின் மடியில் வளர்ந்தவர். இப்போது டெக்ஸாஸில், கேட்டியில், அவள் தம்பியோடு இருந்தார். போன் வந்தது.

“அந்த அத்தியாயத்தை எடுத்துடு.”

“நடந்ததுதானேப்பா?”

“நடந்ததையெல்லாம் எழுதணுமா?”

அவள் எடுக்கவில்லை. ஈழத்து இந்துவை அவள் மணந்தபோது முகம் கோணாமல் வந்து வாழ்த்திய மனிதர், புத்தகம் வந்த பிறகு அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

“நீர் எழுதினதில பொய் ஒண்டும் இல்லை,” என்றார் கணவர் தர்மராசா. கல்யாணமான இத்தனை வருடத்தில் அவளுக்கு அவர் தமிழ் பழகியிருந்தது. “ஆனா உமக்கு அது ஹிஸ்டரி. அவருக்கு அப்பப்பா.”

மூன்று வருடம் கழித்து, அப்பா விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்று தம்பி சொன்னான். லொரேன் ஓடினாள். முதல் நாள் அப்பா சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். மறுநாள் மத்தியானம் அவராகவே வாய் திறந்தார்.

“ஹன்னா நல்லாப் பாடுவா, தெரியுமா?”

அவளுக்குத் தெரியாது.

“எங்கப்பா அப்போ சின்னக் குழந்தை. பெத்தவளை விட்டுட்டு, ஹன்னா பாடினாத்தான் தூங்குவாராம். அவ போனப்புறம் வாசல்லயே உட்கார்ந்திருந்தாராம். உன் புத்தகத்துல அவ துரத்தப்பட்டவ, அவ்வளவுதான். எப்படிப்பட்டவன்னு ஒரு வரி இல்லை.”

“நீங்க சொல்லலையேப்பா!”

“நீயும் கேட்கலை. எடு, எடுக்கமாட்டேன்னுதானே ரெண்டு பேரும் கத்தினோம்.”

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அடக்கிக்கொண்டு நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டாள்.

“என்ன பாட்டு?”

இரண்டு வரி பாடினார். மூன்றாவதில் சொல் மறந்து, மெட்டை மட்டும் முனகினார். தம்பி வேலையிலிருந்து திரும்பும்வரை பேசிக்கொண்டேயிருந்தார்கள்.

2009இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த அத்தியாயம் இன்னும் நீண்டிருந்தது. அதை எழுதியிருக்கக் கூடாது என்ற எண்ணத்தை அப்பா கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை. புதிய பிரதியைக் கையில் வாங்கி, நிதானமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஜோசையாவின் படம் மங்கலாக அச்சாகியிருக்கிறது என்று மட்டும் குறைப்பட்டார்.