நட்டவன் இறக்கிய கூடாரம்

எங்கள் பங்காளிகள் நடுவே இப்போது இரண்டு விதமாகப் பேச்சு நடக்கிறது. கூனாங்கரட்டில் கூடாரம் காற்றில் விழுந்தது என்று ஒரு பேச்சு. வெங்கடாசலம் பயந்து இறக்கிவிட்டான் என்று இன்னொன்று. இரண்டும் சரியில்லை. அந்த வெங்கடாசலம் நான்தான். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

மேச்சேரிக்கு மேற்கே அணைத் தண்ணீருக்கு நடுவில் நிற்கிற பாறைக் கரடு அது. அணை கட்டுவதற்கு முன்னால் அதன் அடிவாரத்தில்தான் எங்கள் ஊர் இருந்தது. தண்ணீர் ஏறியபோது ஊரே வெளியேறிவிட்டது. உச்சியில் இருந்த முனியப்பனை விட்டு வரமாட்டேன் என்று என் பாட்டனார் மட்டும் கட்டியிருந்த வேட்டியையே கூடாரமாக்கிக்கொண்டு மூன்று நாள் அங்கே இருந்தார். நாலாம் நாள் காலையில் பங்காளிகள் பரிசலில் போய் அவருக்குத் தலையில் பரிவட்டம் கட்டி அழைத்து வந்தார்கள். அன்று முதல் முனியப்பனுக்கு முதல் மரியாதை எங்கள் வீட்டுக்கு.

அது சும்மா இருந்து வாங்குவதில்லை. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை, அணை நிறைந்த ஆடியில், மூத்த வீட்டுத் தம்பதி ஒரு மகனோடு கரட்டுக்குப் போய்க் காப்புக் கட்டிக்கொண்டு மூன்று நாள் இருக்க வேண்டும். இரண்டு பனங்கம்பு, எட்டு வேட்டி, தேங்காய் நார்க் கயிறு. முளை அடிக்க மண் இல்லை. கயிற்றைப் பாறாங்கல்லில் சுற்றித்தான் இழுத்துக் கட்ட வேண்டும். அடுப்பு மூட்டக் கூடாது. பொரி, வெல்லம், தேங்காய், ஒரு குடம் நல்ல தண்ணீர். கொண்டுபோய் விட்ட பரிசல் திரும்பிவிடும். கூடாரம் நிற்கிற வரை யாரும் வரமாட்டார்கள். கூடாரத்தைக் கையால் இறக்கினால் பரிசல் வரும். மரியாதை அடுத்த வீட்டுக்குப் போகும். காற்றில் விழுந்தால் குற்றமில்லை. அப்போதும் பரிசல் வரும், ஆனால் அந்த இருப்பு கணக்கில் வராது; அடுத்த ஆடியில் மறுபடி வந்து இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இந்தக் கடைசி விதியைப் படிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த வீடு என்பது மயில்சாமி வீடு. என் சித்தப்பா மகன். என்னைவிட ஐந்து வயது இளையவன். போன வருடம் ஒரு கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, நாலு பேர் கேட்கச் சொன்னான்: “அண்ணனுக்கு எழுபது ஆச்சுங்க. அண்ணிக்கு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குது. பையன் போர் போடற ரிக் கம்பெனியில ஏசி ரூமுல உக்காந்திருக்கான். கரட்டுல இவிங்க மூணு நாளு எங்க இருக்கறது? வர்ற ஆடிக்கு நாந்தான் தயாரா இருக்கோணும்.”

“தயாரா இரு,” என்றேன். “பரிவட்டத்துணி ஏந்த ஆளு வேணும்.”

பந்தி சிரித்தது. அவனும் சிரித்தான். எனக்கு அந்தச் சோறு இறங்கவில்லை.

ஆடி பதினாறாம் தேதி காலையில் பரிசல்காரர் மாதேஷ் எங்கள் மூவரையும் ஏற்றிக்கொண்டார். ஏறும் முன்னால் மகன் சந்தோஷ்குமாரிடம் செல்போனைக் கேட்டேன்.

“இது கட்டுப்பாட்டுல இல்லீங்களேப்பா. பாட்டனாரு காலத்துல ஏது போனு?”

“போன் இருந்தா அது கரடு இல்லை. லாட்ஜு.”

அவன் கொடுத்துவிட்டான். கூடையில் போட்டு மாதேஷிடம் ஒப்படைத்தேன். அது நான் சேர்த்த விதி. பாட்டனார் பேரில் போடக்கூடாது.

என் மனைவி பாப்பாயிக்கு அறுபத்து நாலு. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். காப்புக் கட்டின உடம்புக்கு மாத்திரை எதற்கு என்று அவளே வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். அதை நான் பார்த்தேன். எடுத்துக்கொள் என்று சொல்லவில்லை.

முதல் நாள் நன்றாகவே போனது. உச்சியில் முனியப்பன் கல்லுக்குப் பக்கத்தில் கம்பை நட்டேன். நடுவது என்றால் இரண்டு பாறை இடுக்கில் செருகிக் கல் திணிப்பது. சந்தோஷ் கல் சுமந்தான். உள்ளங்கை கிழிந்தும் முகம் சுளிக்கவில்லை. ஏசி ரூம் என்று சொன்னவன் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். பாறை பகலெல்லாம் சுட்டது. சுற்றிலும் தண்ணீர், ஆனால் இறங்கிக் குளிக்க வழியில்லை. முதலை உண்டு என்று மீன்காரர்கள் சொல்வார்கள். மூன்று பேரும் வேட்டி நிழலில் உட்கார்ந்து பொரி தின்றோம்.

“நம்ம கல்யாணத்துக்கு அப்புறம் மூணு நாளு சேர்ந்தாப்புல சோறாக்காம இருக்கறது இதான்,” என்றாள் பாப்பாயி. “அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா முனியப்பன் எனக்கு லீவு குடுக்கறான்.”

இரண்டாம் நாள் காலையில் நெஞ்சு கரிக்கிறது என்றாள். வெறும் வயிற்றில் தேங்காய் தின்றதால் வாயு என்றேன். அவளும் ஆமாம் என்றாள். நடுப்பகலில் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்கு, பாறையில் படுத்ததால் பிடித்திருக்கும் என்றாள். அதுவும் சரியாகத்தான் பட்டது.

சாயங்காலம் நாலு மணிக்குக் காற்று எழுந்தது. மேற்கே தண்ணீர் முதலில் கறுத்தது, பிறகு வெள்ளையாகப் புரண்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேட்டி ஊதிப் புடைத்தது. ஒரு கயிறு அறுந்தது. கம்பு இடுக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு சாய, எட்டு வேட்டியும் பாறையில் சுருண்டன.

கரையைப் பார்த்தேன். மாதேஷ் அந்தக் காற்றிலும் பரிசலைத் தண்ணீரில் தள்ளிவிட்டார்.

எழுபத்தொரு வயதில் எனக்கு அந்தச் சுறுசுறுப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. “சந்தோசு, கம்பைத் தூக்குடா. பாப்பாயி, கவுத்தைப் புடி,” என்றேன். சந்தோஷ் கம்பைத் தூக்கினான். நான் கல் திணித்தேன். பாப்பாயி கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, பின்னால் சாய்ந்து, காற்றுக்கு எதிராக இழுத்துப் பிடித்தாள். வேட்டி ஒவ்வொரு தடவை புடைக்கும்போதும் அவள் ஓரடி முன்னால் இழுபட்டாள். மறுபடி பின்னால் சாய்ந்தாள். பத்து நிமிடம் இருக்கும்.

கூடாரம் நின்றது. பரிசல் அதற்குள் பாதி வழி வந்திருந்தது. நான் பாறை விளிம்புக்குப் போய்த் துண்டை வீசிக் காட்டினேன், போ போ என்று. மாதேஷ் துடுப்பை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பினார்.

எனக்கு மார்பு நிமிர்ந்தது. பாட்டனார் முகத்தில் விழிக்கலாம் என்று இருந்தது. திரும்பி வந்தபோது பாப்பாயி கயிற்றை விட்டுவிட்டுக் கம்பில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது.

“காத்துல இப்படி வேர்க்குமாங்கப்பா?” என்றான் சந்தோஷ்.

“வேலை செஞ்சா வேர்க்கும்,” என்றேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும் காற்று சுத்தமாக நின்றுவிட்டது. தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்ததுபோல் இருந்தது. இன்னும் ஒரு பகலும் ஓர் இரவும். பாப்பாயி எழுந்து உட்கார்ந்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. தாடை வலிக்கிறது என்றாள்.

சந்தோஷ் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். “அப்பா, இது வாயு இல்லீங்க. எங்க ஆபீஸ்ல மேனேஜருக்கு இப்படித்தான் ஆச்சு. நெஞ்சு, தோளு, தாடை. அவரையும் வாயுன்னுதான் சொன்னாங்க. கூடாரத்தை எறக்கிரலாம்.”

“நாளைக்குக் காலையில பரிசல் வருது.”

“நாளைக்கு வருது. அம்மா இருக்கோணுமல்ல?”

அவன் என்னிடம் அப்படிப் பேசினதில்லை. கை ஓங்கினேன். அடிக்கவில்லை. அதற்குள் கூடாரத்துக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது: “எறக்காதீங்க. ஒரு நாளுதான். நான் இருந்துக்கறேன்.”

“கேட்டியா?” என்றேன் அவனிடம்.

அவன் பாறையில் போய் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான்.

நான் உள்ளே போனேன். அவள் வழக்கம்போல எனக்குத் தண்ணீர் மொண்டாள். நாற்பத்து மூன்று வருடமாக நான் வந்து உட்கார்ந்தால் சொம்பு வரும். அன்றும் இடது கையால் நீட்டினாள். வலது கை நெஞ்சில் இருந்தது. எனக்கு யாரும் இடது கையால் எதையும் தந்ததில்லை. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். சொம்பு அவள் விரலை விட்டு நழுவிப் பாறையில் உருண்டது. அவள் அதைப் பிடிக்கப் பார்க்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு யாருடையதோ என்பதுபோல. பிறகு என்னைப் பார்த்தாள்.

வெளியே வந்தேன். சந்தோஷ் ஏற்கெனவே எழுந்து கயிற்றில் கை வைத்திருந்தான்.

“தொடாதே,” என்றேன். “நட்டவன்தான் எறக்கோணும்.”

ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தேன். வேட்டிகளைக் கரையோடு கரை சேர்த்து மடித்து அடுக்கினேன். கம்பு இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் படுக்க வைத்தேன். சந்தோஷ் பல்லைக் கடித்துக்கொண்டு, “சுருட்டிப் போடுங்கப்பா, சீக்கிரம்,” என்றான். எனக்கு வேறு மாதிரி இறக்கத் தெரியவில்லை.

பரிசல் வரவில்லை.

கால் மணி நேரம் பார்த்தோம். அரை மணி. மாதேஷ் கரையில் நிற்பது புள்ளியாகத் தெரிந்தது. துண்டை வீசினேன். நேற்று போ என்று வீசின அதே துண்டு, அதே கை. அந்தத் தூரத்தில் போ என்பதற்கும் வா என்பதற்கும் என்ன வித்தியாசம் தெரியும்? சந்தோஷ் சட்டையைக் கழற்றினான், நீந்திப் போகிறேன் என்று. முதலை என்றேன். இருக்கட்டும் என்றான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கைக் காயம் என் கையில் பிசுபிசுத்தது. விடவில்லை. பாப்பாயி வெறும் வெயிலில் கிடந்தாள். இறக்கின வேட்டியில் ஒன்றை எடுத்து அவளுக்கு மேலே நான் விரித்துப் பிடித்தேன்.

முக்கால் மணி கழித்துப் பரிசல் புறப்பட்டது. அதில் இரண்டு பேர். பாறையை நெருங்கியபோதுதான் தெரிந்தது, முன்னால் துடுப்புப் போடுவது மயில்சாமி. கழுத்தில் தூரக்கண்ணாடி ஒன்று தொங்கியது.

அவன் பாறையில் இறங்கினான். மடித்து வைத்த வேட்டிகளைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். குனிந்து, சந்தோஷோடு சேர்ந்து அவளைத் தூக்கினான்.

பரிசல் நடுத் தண்ணீரில் வரும்போது மாதேஷ் சொன்னார்: “நேத்து வந்து நீங்க திருப்பி அனுப்பிட்டீங்க, சாமி. இன்னைக்கும் கட்டு தளந்திருக்கும், சரிபண்ணி நட்டுருவாருன்னு நின்னுட்டேன். இவருதான் ஊருக்குள்ள போயிட்டு வந்து, கண்ணாடியில பாத்துட்டுக் கத்துனாரு.”

“தளந்த கட்டை அவுக்கறவன் வேட்டிய மடிப்பானா?” என்றான் மயில்சாமி, துடுப்பை நிறுத்தாமல். “மடிச்சு அடுக்கறாருன்னா எறக்கிட்டாருன்னு அர்த்தம். எங்க அண்ணனைப் பத்தி எனக்குத் தெரியாதா?”

“அந்தக் கண்ணாடி எப்ப வாங்கினே?” என்றேன்.

“போன மாசமுங்க. சேலத்துல.”

“எதுக்கு?”

“நீங்க எப்ப எறக்குவீங்கன்னு பாக்கத்தான். மூணு நாளாக் கரையில கட்டில் போட்டுட்டுக் கெடக்கறேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கினான். “சத்தியமா இதுக்கு இல்லீங்கண்ணா.”

அவள் காப்பு மணிக்கட்டில் ஈரமாக ஒட்டியிருந்தது. கரையில் காரில் ஏற்றும்போது, காப்போடு ஊர் எல்லை தாண்டக் கூடாது என்பதால், நானே அவிழ்த்தேன்.

சேலத்தில் ஆஸ்பத்திரியில் இதயத்தில் அடைப்பு என்று சொல்லி அன்றே ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். முந்தின நாளே வந்திருந்தால் இதயத் தசை இவ்வளவு கெட்டிருக்காது என்று டாக்டர் சந்தோஷிடம் சொன்னார். சந்தோஷ் அதை என்னிடம் சொல்லவில்லை. நான் கதவோரம் நின்று கேட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மயில்சாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “காத்துல உழுந்துருச்சுன்னு சொல்லிரலாமுங்க. பாத்தது நானும் மாதேசும்தான். அவனுக்கு நான் சொல்லிக்கறேன். அடுத்த ஆடிக்கு நீங்களே இருந்துக்கலாம்.”

“உன் பிச்சை எனக்கு வேண்டாம்.”

“அதானே பாத்தேன்,” என்று எழுந்து போய்விட்டான். ஆனாலும் ஊரில் அப்படித்தான் சொல்லியிருக்கிறான்.

ஆவணியில் பங்காளிகள் கூடியபோது நான் எழுந்து நின்றேன். காற்று இல்லை, நான்தான் இறக்கினேன், முதல் மரியாதை இனி மயில்சாமி வீட்டுக்கு என்று சொல்லி, இரண்டு பனங்கம்பையும் அவன் முன்னால் வைத்தேன். வெளியே வரும்போது இரண்டு பெரியவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, உன் பாட்டனார் பேரைக் காப்பாற்றிவிட்டாய் என்றார்கள். நிமிர்ந்துதான் வீட்டுக்கு வந்தேன்.

பாப்பாயி இப்போது வாசலுக்கும் கட்டிலுக்கும் நடக்கிறாள். அதற்கே நடுவில் ஒரு தடவை சுவரைப் பிடித்து நிற்க வேண்டும். சபையில் நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

“மூணாம் நாளு எறக்கினதைச் சொன்னீங்க,” என்றாள். “ரெண்டாம் நாளு காத்துல உழுந்ததைத் திருப்பி நட்டீங்களே, அதைச் சொன்னீங்களா?”

“அதை யாரும் கேட்கல.”

“அன்னைக்கு அப்படியே உட்டிருந்தா என்ன போயிருக்கும்? அடுத்த ஆடிக்கு இன்னொருக்கா போயிருப்போம்.”

“நீயும்தானே கவுத்தைப் புடிச்சே?”

“நீங்க புடின்னீங்க. புடிச்சேன்.”

சுவரிலிருந்து கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சொம்பு இருந்த இடத்தில்தான் இருந்தது. நானே போய் மொண்டு குடித்தேன்.

சபையில் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான். பரிசல் பாதி வழி வந்திருந்தது. நான் துண்டை வீசித் திருப்பி அனுப்பினேன்.