அம்பிளிக்கு வராத நோய்

பதிவுத் தபாலில் வந்த உறையை அம்பிளி பிரிக்காமலேயே முந்திரி ஆலைக்குக் கொண்டுவந்திருந்தாள். தனியாகப் பிரிக்கப் பயமாக இருந்ததாம். கொட்டை உடைக்க நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்காருவோம். கறை படிந்த கையை முந்தானையில் துடைத்துவிட்டு நான் பிரித்தேன்.

திருவனந்தபுரத்தில் ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக் ஆயுக்தா நீதிபதி முன்னால் சாட்சி சொல்ல வரவேண்டும் என்று இருந்தது. முதலமைச்சர் நிவாரண நிதியைப் பொய் மருத்துவச் சான்றிதழ் காட்டி வாங்கியிருப்பதாக யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். பணம் வாங்கியவர்களின் பட்டியலில் ஏழாவது பெயர் அம்பிளியுடையது. காரணம் என்ற இடத்தில், இரண்டு சிறுநீரகமும் செயலிழப்பு.

அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ராதாமணி சேச்சி, எனக்கு ஏதோ இருக்குன்னு எல்லாருக்கும் தெரியுமா? எங்கிட்ட மட்டும் மறைச்சிட்டீங்களா?"

முந்தின வருஷம் ஆலையில் நடந்த முகாமில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அதில் தெரிந்ததைத் தன்னிடம் சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்று நினைத்தாள். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. மத்தியானக் கஞ்சியை அப்படியே மூடி வைத்தாள்.

உண்மையில் அவள் கேட்டது கூரைக்குத்தான். காற்றுமழையில் அவள் வீட்டு ஓடுகள் பறந்தபோது, தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் பிரசன்னன், நிவாரணம் வாங்கித் தருவதாகச் சொல்லி வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினான். பணம் வந்ததும் பாதியைச் செலவுக்கு என்று எடுத்துக்கொண்டான். மீதியில் தகரம் போட்டாள். எந்தக் காரணத்துக்காக வந்த பணம் என்று அவளும் கேட்கவில்லை.

மறுநாள் புருஷன் சுகதனுக்குத் தெரியாமல் பரிசோதனைக் கூடத்துக்குப் போனாள். சிறுநீரகம் இரண்டும் நன்றாக இருப்பதாக முடிவு வந்தது. அன்று சாயங்காலம் சாளை மீன் வாங்கிக் குழம்பு வைத்து எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். ஆனால் இருட்டுவதற்குள் அவளே ஓடி வந்தாள். நோய் இல்லை என்றால் வாங்கியது திருட்டுப் பணம்தானே, இந்தப் பரிசோதனைச் சீட்டே தன்னை ஜெயிலுக்கு அனுப்பிவிடுமே என்றாள். அதைக் கிழிக்கலாமா வேண்டாமா என்று என்னிடம் கேட்டாள். இப்போதைக்கு மடித்து வை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரசன்னன் அவள் வீட்டுக்கு வந்தான். நான் அங்கேதான் மரவள்ளி நறுக்கிக் கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக உட்கார்ந்தான். குரலை உயர்த்தவேயில்லை.

"வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ் நடக்குதுன்னு சொன்னா போதும் சேச்சி. பேப்பரெல்லாம் சர்டிபிகேட் கொடுத்த டாக்டரே ரெடி பண்ணிட்டாரு. கொஞ்சம் சோர்ந்து போன மாதிரி நடந்து வாங்க, அவ்வளவுதான்."

"எனக்குப் பொய் சொல்ல வராது பிரசன்னா. நாக்கு ஒட்டிக்கும்."

"பணம் வாங்கும்போது ஒட்டலையே?" என்று சிரித்தான். எழுந்து போகும்போது, வாசலில் நின்ற சுகதனின் ஆட்டோவைத் தட்டிக்கொடுத்தான். "சேட்டன் ரயில்வே கேட் வழியாத்தானே திரும்பி வர்றாரு? அந்த வளைவுல லைட்டே கிடையாது. பார்த்து வரச் சொல்லுங்க."

அதற்குப் பிறகு ஆட்டோச் சத்தம் கேட்கும்வரை அவள் வாசலை விட்டு நகரமாட்டாள்.

விசாரணை நாளன்று காலை ரயிலில் நானும் கூடப் போனேன். தாழ்வாரத்து பெஞ்சில் எங்கள் பக்கத்து ஆட்கள் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு பேருக்கும் ஒரே டாக்டர் சான்றிதழ். போன வாரம்கூடத் தென்னை ஏறிய ஒருவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமிக் காட்டினார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கோடியில் தூணில் சாய்ந்து பிரசன்னன் நின்றான்.

அம்பிளியின் பெயரைக் கூப்பிட்டதும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. உள்ளே போய்க் கூண்டில் நின்றாள். நான் கதவோரம் நின்றேன். வயதான நீதிபதி தாளைப் பார்த்துவிட்டு, இப்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அவள் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். கொடுக்கச் சொன்னார். முழுவதையும் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கு ஒரு நோயும் இல்லை சார்," என்றாள். "கூரைக்குத்தான் கேட்டேன். பாதிப் பணம் கொடுத்தேன். அதுவும் தப்புதான்."

பாதியை யாருக்குக் கொடுத்தாள் என்று அவர் கேட்டார். அவள் திரும்பிக் கதவைப் பார்த்தாள். அங்கே பிரசன்னன் வந்து நின்றிருந்தான். அவனைப் பார்த்தபடியே பெயரைச் சொன்னாள்.

அவளுக்குப் பிறகு நான்கு பேர் உண்மையைச் சொன்னார்கள். தென்னை ஏறுகிறவர் கடைசிவரை இருமினார். அம்பிளியை ஜெயிலுக்கு அனுப்பவில்லை. வாங்கிய தொகையைத் தவணையாகக் கட்டச் சொன்னார்கள். பிரசன்னன் மீதும் டாக்டர் மீதும் போலீஸ் வழக்குப் போட்டது. பிரசன்னன் இருபது நாளில் ஜாமீனில் வந்து, பழையபடி அதே தாலுகா அலுவலக வாசலில் நாற்காலி போட்டுவிட்டான். ஒரு காலையில் சுகதனின் ஆட்டோ சீட் குறுக்கும் நெடுக்குமாகக் கிழிந்திருந்தது. யார் செய்தது என்று இன்றுவரை தெரியாது. சுகதன் ரயில்வே கேட் பக்கம் போவதை விட்டுவிட்டார்.

போன மாதம் போலீஸ் வழக்கில் சாட்சி சொல்ல அம்பிளிக்கு மறுபடி தபால் வந்தது. வேலை முடிந்து கை கழுவும்போதுதான் என்னிடம் சொன்னாள். போகாமல் இருந்துவிடேன் என்றுகூட நான் சொல்லிப் பார்த்தேன்.

"பயமாத்தான் இருக்கு சேச்சி," என்றாள். "காலை வண்டிக்கு நீங்களும் வருவீங்களா, மாட்டீங்களா?"

வருகிறேன் என்றேன்.