நேர்ந்துவிட்ட முட்டி

என் அக்கா ஜெயலெட்சுமி வேண்டிக்கொள்வாள். நேர்த்திக்கடனை அடைப்பது வேறு யாராவது. நான் கார் லைசென்ஸ் எடுத்ததற்கு எனக்கு மொட்டை. அவள் மகள் பிரமிளா பரீட்சையில் தேறியதற்கு அந்தப் பிள்ளை ஒரு மாதம் கோழியைத் தொடவில்லை. அதனால் எங்கள் வீட்டில் யாருக்காவது நல்லது நடந்தால் முதலில் வருவது பயம்தான்.

போன வருஷம் அவள் புருஷன் கார்த்திகேசுவின் வலது முட்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. மச்சான் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்கள் குடியிருக்கும் பாயான் பாரு பிளாட்டில் லிப்டு இருக்கிறது, ஆனால் லிப்டு வரை போய்ச் சேரவே அவருக்குப் பெரும்பாடு. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் நஜ்வா, முட்டிக்குள் ஜவ்வு தேய்ந்து உரசுகிறது, வாரம் ஒன்றாக மூன்று ஜெல் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார்.

மச்சானுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. “கிரீஸ் அடிக்கப் போறாங்க, அவ்வளவுதான் லா. காஞ்சு போன பேரிங்குக்கு நான் அடிக்காத கிரீஸா?”

“அப்படியே வெச்சுக்குங்க அங்கிள்,” என்றார் டாக்டர். “ஆனா தேஞ்சது திரும்ப வளராது. எல்லாருக்கும் கேக்கும்னும் சொல்ல மாட்டேன். கேட்டா, கொஞ்ச மாசம் வலி இல்லாம நடக்கலாம். மாடிப்படி ஏறுறத மட்டும் கொறச்சுக்குங்க.”

முதல் ஊசி உள்ளே இறங்கிக்கொண்டிருந்தபோது வெளியே நாற்காலியில் அக்கா கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். காரில் ஏறியதும் அறிவித்தாள்.

“முட்டி சரியானா வர்ற தைப்பூசத்துக்கு இவரு பால்குடம் தூக்கித் தண்ணீர்மலை ஏறுவாருன்னு வேண்டிக்கிட்டேன்.”

தண்ணீர்மலை முருகனைப் பார்க்க ஐந்நூறு படிக்கு மேல் ஏற வேண்டும். மச்சான் வாய் பிளந்தார். “ஏன்டி, போனதே முட்டிதான். அதையேவா ஏறச் சொல்லுவ? அங்கப்பிரதட்சணம்னு வேண்டியிருந்தா படுத்துக்கிட்டே முடிச்சிருப்பேனே!”

“சாமிகிட்ட பேரம் பேசாதீங்க.”

மூன்று ஊசியும் முடிந்து, பிறகு காட்டப் போனபோது நான்தான் அவரைக் கூட்டிப் போனேன். டாக்டர் முட்டியை மடக்கினார், நீட்டினார், சிரித்தார். வெளியே வந்ததும் மச்சான் கார் நிறுத்துமிடத்தில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடந்து காட்டினார். பிறகு என் சட்டைக் காலரைப் பிடித்தார்.

“கோகுலா, உங்க அக்காகிட்ட வாயத் தொறந்த, அப்புறம் நம்ம உறவு அவ்வளவுதான். தைப்பூசம் முடியட்டும். மறுநாள் எனக்குச் சரியாயிடும்.”

அன்றைக்கு ஆரம்பித்தது நாடகம். அக்கா வீட்டில் இருந்தால் மனுஷன் நொண்டுவார், சுவரைப் பிடிப்பார், “அம்மாடி” என்று உட்காருவார். அவள் பாசாருக்குக் காய்கறி வாங்கக் கிளம்பினால் இவர் ஜம்மென்று நடந்து மூலைக் கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டு, அவளுக்கு முன்னால் வந்து நாற்காலியில் சாய்ந்துவிடுவார். அக்கா உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். சாப்பாடு நாற்காலிக்கே போனது. அந்தச் சொகுசைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தைப்பூசத்தன்று காலை அக்கா மஞ்சள் சேலையில், கையில் பால்குடத்தோடு வந்து நின்றாள்.

“இவரால முடியல. முருகனும் ஒண்ணும் பேசல. ஒருவேள கடன முதல்ல கேக்குறாரோ என்னமோ. நானே ஏறிட்டு வந்துடுறேன்.”

மச்சான் என்னைப் பார்த்தார். நான் கார் சாவியைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

மலையடிவாரத்தில் கூட்டம் நெரிந்தது. மச்சானைத் தண்ணீர்ப் பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, கையில் ரோஸ் சர்பத்தும் கொடுத்துவிட்டு அக்கா ஏறப் போனாள். உறுமி அதிர, காவடிகள் அவளைத் தாண்டிப் போயின. நாங்கள் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவள் நேராக ஏறவில்லை. கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஏறினாள். ஒரு காலை வைத்து, மற்ற காலை அதே படியில் சேர்த்து, நின்று, மூச்சு வாங்கி, அடுத்த படி. மச்சான் சர்பத்தைக் கீழே வைத்தார்.

“உங்க அக்கா ஏன்டா அப்படி ஏறுறா?”

“கூட்டமா இருக்குல்ல மச்சான்.”

“கூட்டம் இல்லடா. ஊசிக்கு முன்னாடி நான் அப்படித்தான் ஏறுவேன்.”

அவ்வளவுதான். எழுந்து ஓடினார். இரண்டிரண்டு படியாகத் தாவினார். நல்ல முட்டி இரண்டு வைத்திருக்கிற நான் பின்னால் நாய் மாதிரி இரைத்துக்கொண்டு போனேன். அக்காவின் முன்னால் போய் நின்றபோது, அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் காலைத்தான் பார்த்தாள்.

“நொண்டாம வர்றீங்க.”

“உனக்கு எப்பலேருந்துடி?”

“அது கெடக்குது. நான் பாக்டரி வேலைக்குப் போன காலத்துல நின்னு நின்னு வந்தது. உங்களுக்கு முன்னாடியே.” அவள் அவர் முட்டியைத் தொட்டாள். “வலிக்கலயா?”

“இல்ல.”

“பொய் சொல்லலியே?”

“இத்தன நாளாத்தான் சொன்னேன். இப்ப இல்ல.”

இனி மலையே இடிந்து விழும் என்று நினைத்தேன். அக்கா குடத்தை என் கையில் திணித்துவிட்டு அதே படியில் உட்கார்ந்து, “சரியாயிடுச்சு முருகா, இவருக்குச் சரியாயிடுச்சு” என்று அழுதாள். நாலு திட்டு வாங்கத் தயாராக நின்ற மனுஷனுக்கு அந்தச் சந்தோஷத்தைத்தான் தாங்க முடியவில்லை. மச்சானும் அழுதுவிட்டார். அந்த நிமிஷம் எனக்கு அவர்மேல் இருந்ததைவிட என்மேல் கோபம் அதிகமாக இருந்தது.

“நாளைக்கு டாக்டர் நஜ்வாகிட்ட போறோம்,” என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டு. “எந்த முட்டி?”

“ரெண்டும்தான்.”

என்னிடமிருந்து குடத்தை வாங்கித் தன் தலையில் வைத்தார். அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வந்த வேகத்திலேயே அவர் விறுவிறுவென்று இரண்டு படி ஏறிவிட்டார்.

“மெதுவா லா,” என்றாள் அக்கா. “எனக்கு வலிக்குது.”

என் அக்கா வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.