ஆறாத நாற்காலி

லுயிமாவை வேனில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோன பிறகும் அவன் உட்கார்ந்திருந்த நாற்காலி ஆறவில்லை. மசாகா சாலை முழுக்கச் சேறாகிக் கிடந்த மழை வாரத்திலும், ஆள் அப்போதுதான் எழுந்துபோனதுபோல மரம் சுட்டது. வானொலியில் நேயர்கள் பேசும் நேரத்தில் கூப்பிட்டு, எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த மலேரியா மாத்திரைகள் எங்கே போயின என்று கேட்டதுதான் அவன் செய்த குற்றம். நம்பர் பலகை இல்லாத வேன் மறுநாளே வந்துவிட்டது. மாத்திரை இன்னும் வரவில்லை.

அவன் மனைவி இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்பதால் ஊரே அவளை நலோங்கோ என்றுதான் அழைக்கும். எங்கள் பெண்கள் பாயில்தான் உட்காருவார்கள். நாற்காலியைத் துடைக்கப் போய்த்தான் அவள் சூட்டைக் கண்டாள். அதன் அர்த்தம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முந்தின வருஷம் அதே வேன் கொண்டுபோன எதிர்வீட்டு செபுன்யாவின் நாற்காலியும் இப்படித்தான் சுட்டுக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிறன்று அது சில்லிட்டது, திங்களன்று அவன் சதுப்பில் பிணமாகக் கிடந்தான். அதிலிருந்து, லுயிமாவைத் தவிர, வானொலிக்கு யாரும் கூப்பிட்டதில்லை. எங்களுக்குப் பயம்.

பயந்துகொண்டே வக்கீலம்மா நபுகேன்யா ஆட்கொணர்வு மனு போட்டார். உடனே, அந்த வேனில் வந்திருந்த அதிகாரி ஒருவனே விசாரிக்கிறேன் என்று வீட்டுக்கு வந்தான். விருந்தாளிக்கு நல்ல நாற்காலியைப் போட வேண்டும் என்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது. நலோங்கோ மண்டியிட்டு வணங்கி, புருஷனைப் பிடித்துப்போனவனுக்கே புருஷனின் நாற்காலியைப் போட்டாள். இந்தக் கூத்து வேறு எந்த ஊரில் நடக்கும்? அவன் உட்கார்ந்த வேகத்தில் எழுந்து, தேநீரைத் தொடாமல் போய்விட்டான்.

வழக்கு நாளில் நாற்காலியை மோட்டார் சைக்கிளில் கட்டி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனோம். அப்படியொரு ஆள் எங்களிடம் இல்லை, நாற்காலிச் சூடு அதிகாரி உட்கார்ந்ததால் வந்தது என்றார் அரசு வக்கீல். அதிகாரியும் சத்தியம் செய்து அதையே சொன்னான்.

“எப்ப உக்காந்தீங்க?” என்று கேட்டார் நபுகேன்யா.

“போன மாசம்.”

“உங்க சூடு ஒரு மாசம் தாங்குமா ஐயா? அப்ப உங்க வீட்டுக்கு அடுப்பே வேண்டாமே.”

சிரித்தவர்கள் வாசலில் நின்ற முகம் தெரியாத ஆட்களைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

“டீ குடிக்காம ஏன் எந்திரிச்சுப் போனீங்க? நம்ம ஊர்ல யாரும் அப்படிப் பண்ண மாட்டாங்களே.”

அதிகாரி தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “துடிச்சுது. எனக்குக் கீழ ஏதோ துடிச்சுது.”

ஓய்வுபெறப் போகிற நீதிபதி வழக்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைக்க வாயெடுத்தார். அப்போதுதான், நாற்காலிமேல் கைவைத்தபடி தரையில் இருந்த நலோங்கோ, குரலை உயர்த்தாமல் சொன்னாள். “ஆறுது வக்கீலம்மா. கால்லேர்ந்து மேல ஏறி ஆறிக்கிட்டு வருது.”

நீதிபதி மேடையிலிருந்து இறங்கி வந்து தொட்டுப் பார்த்தார். கையை எடுத்தவர், நின்றபடியே உத்தரவு எழுதினார்: பொழுது சாய்வதற்குள் ஆளைக் கொண்டுவர வேண்டும். “நான் போறேன்,” என்று அந்த அதிகாரியே புறப்பட்டான். எதைக் கொண்டுவரப் போகிறான் என்று கேட்கும் தைரியம் எங்களுக்கு இல்லை. பெண்கள் நாற்காலியைச் சுற்றி மண்டியிட்டு உள்ளங்கைகளால் தேய்த்தார்கள். கால்கள் ஆறின, முதுகு ஆறியது. கடைசியில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் சூடு மிச்சமிருந்தபோது வேன் வந்தது.

லுயிமாவை இருவர் தாங்கி வந்தார்கள். முழங்காலுக்குக் கீழே அவன் கால்கள் கறுத்திருந்தன. நாற்காலியைக் காட்டியதும் தலையை ஆட்டி மறுத்து, தரையில் மனைவியின் பக்கத்தில் சாய்ந்தான். அந்தக் கணமே அது வெறும் மரமாகிவிட்டது; சூடு அவன் உடம்பில் இருந்தது.

வேன் ஓடுவது நிற்கவில்லை. நபுகேன்யாவின் அலுவலகத்தில் இப்போது நடக்க இடமில்லை, அத்தனை நாற்காலிகள். காலையில் வந்ததும் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவர் கறுப்பு அங்கியைப் போடுகிறார். எங்கள் ஊரிலும் விருந்தாளி வந்தால் முதலில் நாற்காலியைத் தொட்டுப் பார்க்கிறோம். சுட்டால், அதில் ஆள் இருக்கிறது என்று சொல்லிப் பாயை விரிக்கிறோம்.