பேர்க்சனுக்கு

1

இந்தக் கதை ஒரு நான்காம் வேற்றுமையில் பிறந்தது என்றால் நம்புவீர்களா? ஒல்லாந்தில் ஓர் ஊர். எழுத்தில் பார்த்தால் நாக்குச் சுளுக்கிக்கொள்ளும். மூன்றாய் உடைத்தால் சுலபம்: பேர்க்-சன்-ஹூக். நடுவில் குவிந்து கிடக்கும் எஸ், சி, எச் மூன்றுக்கும் சேர்த்து வாயில் ஒரே ஒரு 'ச'தான். ஹூக் என்றால் மூலை.

2

பலேர்மோவில், போர்கோ வெக்கியோ பகுதியில் குடியிருக்கும் மன்னார்க்காரி இராசாத்தி அந்தப் பெயரைக் கேட்டது லிஃப்டுக்குள். கையில் வேலை வீட்டு இத்தாலிய எசமானி சிஞ்ஞோராவின் விரிப்புகள். போனில், ஒல்லாந்துக்கு வேலைக்குப் போன மகள் றெபேக்கா.

"அம்மா, நான் முடிவெடுத்திட்டன். பேர்க்சன்ஹூக்—"

கதவு மூடியது. லைன் போய்விட்டது.

இராசாத்தியின் காதில் விழுந்தது 'பேர்க்சனுக்கு'. நிரோசன், ஜெனோஜன் என்று இப்போது வைக்கிற பெயர்கள் மாதிரி எவனோ ஒரு பேர்க்சன். அவனுக்குக் கழுத்தை நீட்டப் போகிறாள், வேறென்ன! மகள் மறுபடி அடித்தபோது போனைக் கட் பண்ணினாள்.

[இங்கே 'அவள் அழுதாள்' என்று எழுதி வெட்டிவிட்டேன். இராசாத்தி அழுகிற ஆளில்லை. விரிப்பைத்தான் போட்டு உதறினாள்.]

3

அவளுக்கு இந்த மகளை விட்டால் வேறு ஒருவருமில்லை. போன நத்தார்ப் பண்டிகைக்கு, கிறிஸ்துமஸ் அன்றைக்கே, "உன்ரை விருப்பத்துக்கு ஆரையும் கட்டினால் என்ரை வாசல் மிதிக்காதை" என்று சொல்லியும் வைத்திருந்தாள். அந்த வாயை இப்போது... [இந்த வசனம் சரிவரவில்லை, விடுங்கள்.] வாசலை மூடினால் பிள்ளை கைவிட்டுப் போய்விடும்.

சிஞ்ஞோராவுக்குச் சாப்பாடு கொடுக்கும்போது பேர்க்சனுக்கு மனதுக்குள் ஒரு முகம் வைத்தாள். வெள்ளைக்காரனோ? வேதக்காரனாய், மாதா கோயிலுக்குப் போகிறவனாய் இருந்தால் போதும். பாத்திரம் கழுவி முடிவதற்குள், வேதக்காரனாய் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றாகிவிட்டது. இல்லாத ஒருவனுக்காக அவள் இவ்வளவு இறங்கி வந்தது எனக்கே பாவமாக இருந்தது.

4

பிழை தெரிந்து இருவரும் சிரிப்பதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. அதற்குள் இராசாத்தி என்னைக் கேட்காமலே போனை எடுத்துவிட்டாள்.

"பிள்ளை, நத்தாருக்குப் பேர்க்சனைக் கூட்டிக்கொண்டு வா. நான் ஒண்டும் கதைக்கமாட்டன்."

"ஐயோ அம்மா, அது ஆளில்லை, ஊர்! நான் இனி அங்கைதான் இருக்கப்போறன்."

"ஊரோ?" மூச்சு வந்தது. பிறகு கேட்டாள்: "தனியவோ?"

"அங்கை சரியான குளிர், அம்மா," என்றாள் றெபேக்கா.

"அப்ப ஆள் இருக்கு," என்றாள் இராசாத்தி. "ஓம், கதைக்கமாட்டன் எண்டு சொன்னது சொன்னதுதான். கூட்டிக்கொண்டு வா. என்ன பேர்?"

"அம்மா... அவரின்ரை பேர்..."

5

பெயரை நான் வைக்கப்போவதில்லை. நீங்கள் வையுங்கள். எந்த நாட்டுப் பெயரென்றாலும் சரி, இராசாத்தி அடுப்படியில் நின்று அதை உடைத்து உடைத்துச் சொல்லிப் பழகிக்கொள்வாள். கடைசியில் ஒரு 'க்கு' சேருமா என்று மட்டும் பாருங்கள். நத்தாருக்கு மூன்றாவது கோப்பையை மேசையில் வைக்கும்போது அவள் அப்படித்தான் சொல்லவேண்டும்:

"இது ..............க்கு."