விசில் ஊதும் வரை

பொன்னழகுவின் காதுக்குள்ளிருந்து யோகலட்சுமி மூன்றாவது எறும்பை எடுத்தாள். எடுத்ததைக் கொல்லாமல் வாளி விளிம்பில் விட்டாள்.

கொல்லையில் வாழை மரத்தடியில் சேலையால் மறைப்புக் கட்டி, பெஞ்சில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். நீர்மாலை எடுத்து வந்த ஈரம் காயாமல் மகன் சிவபிரகாஷ் தலைமாட்டில் நின்றான். எண்ணெயையும் அரப்பையும் பேருக்குத் தொட்டு வைத்துவிட்டு நகர்ந்துகொள்வதுதான் பெண்டாட்டிக்கு உள்ள முறை. அவளோ கொண்டை ஊசியைக் கழற்றி வைத்துக்கொண்டு, புருசன் காதைத் துப்புரவு செய்துகொண்டிருந்தாள்.

"விழுந்தாரு, ஒடனே தூக்கிட்டோம், வழியிலயே போயிட்டாரு. அப்பிடித்தானே சொன்னீக எல்லாரும்?"

"ஆமாம்மா."

"ஒடனே தூக்குன ஆளுக்குக் காதுக்குள்ள எறும்பு எப்பிடிடா ஏறுச்சு?"

"தூக்குறப்ப ஏறியிருக்கும்."

"தூக்குறதுக்குள்ள காதுவரைக்கும் வந்துருச்சாக்கும். எறும்பு என்ன ஆட்டோ புடிச்சு வந்துச்சா?"

அவன் தண்ணீர்க் குடத்தைப் பார்த்தான். அவள் அவர் கழுத்திலிருந்த நைலான் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றினாள். நுனியில் விசில். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாய் வைக்கிற இடத்தில் சிவப்பாகக் கறை.

"ஒங்கப்பா வெத்தல போடுவாரா?"

"இல்ல."

"அப்ப இது யாரு வாயி?"

தாய்மாமன் வீரணன் மறைப்புக்கு வெளியிலிருந்து இருமினார். "யோகா, நேரத்தப் பாரு தாயி. இன்னைக்கு நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள எடுக்கணும்."

அவள் விசிலை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

சிவபிரகாஷுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். காலையில் நடந்தது அம்மாவுக்குத் தெரிவதற்குள் பிணம் தெருவைத் தாண்டிவிட வேண்டும். எரிந்து முடிந்த ஆளின் காதில் யாரும் எறும்பு தேட முடியாது.

பொன்னழகு முப்பத்தாறு வருசம் ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவர். மூடிய கேட்டை ரயில் போகாமல் திறந்ததாகச் சரித்திரம் கிடையாது. யோகலட்சுமிக்கு வலி எடுத்து ஆட்டோவில் கொண்டு வந்தபோது கேட் மூடியிருந்தது. ஆட்டோக்காரன் காலில் விழுந்தான். "கூட்ஸு வருதுப்பா. அது போகட்டும்" என்றார் பொன்னழகு. கூட்ஸ் வண்டியும் வந்தது. முப்பத்திரண்டாவது பெட்டி கடக்கும்போது சிவபிரகாஷும் வந்தான். பொன்னழகு இரண்டையும் ஒரே பதிவேட்டில் நேரம் போட்டுக் குறித்தார். பிறந்த நேரம் நொடி பிசகாமல் கிடைத்ததால் ஜாதகம் சுத்தமாக அமைந்தது என்று குன்றக்குடி ஜோசியரே மெச்சினார்.

ஓய்வு பெற்ற பிறகு திறக்கவும் மூடவும் ஒன்றுமில்லாமல் மனிதர் இளைத்துப் போனார். அப்போதுதான் டயர்க் கடை மருது, கண்மாய்க் கரை ஓரத்துப் பொட்டலில் அமராவதிபுதூர் வில்வித்தைக் கழகத்தைத் தொடங்கினான். உறுப்பினர் பதினான்கு பேர். ஒருவருக்கும் வில்லைப் பற்றித் தெரியாது. பொன்னழகுவுக்கும் தெரியாது, ஆனால் ஒழுங்கைப் பற்றித் தெரியும் என்பதால் அவரைப் பாதுகாப்பு அலுவலர் ஆக்கினார்கள். அவர் முதல் நாளே சுண்ணாம்பில் ஒரு கோடு இழுத்தார், ஒரு விசில் வாங்கினார், தகரப் பலகையில் சட்டம் எழுதி நட்டார். மூன்றாவது சட்டம் இது: விசில் ஊதாமல் எவரும் கோட்டைத் தாண்டக் கூடாது, பெற்ற அப்பன் செத்து விழுந்தாலும் சரி.

கழகத்தின் அந்த ஒரு வருசத்தைப் பற்றிக் குறையாகச் சொல்ல முடியாது. தையில் பொங்கல் போட்டி. முதல் அம்பு மருதுவின் ஸ்கூட்டர் சீட்டில் தைத்தது. வேறெதிலும் எதுவும் தைக்காததால் அதற்கே பரிசு. பங்குனியில் வில்லோடு குன்றக்குடி மலையேறினார்கள். சூரசம்ஹாரத்தை முன்னால் தள்ளிவிட்டார்களோ என்று பயந்து கூட்டம் வழிவிட்டது. ஆடிக் காற்றில் மருது விட்ட அம்பு நாச்சியாபுரம் பஸ்ஸின் கூரையில் ஏறிப் போய், மறுநாள் அதே பஸ்ஸில் திரும்பி வந்தது. கண்டக்டர் கையில் கொடுத்து, "அடுத்த தடவ டிக்கெட் போட்டுருவேன்" என்றார். ஆயுத பூசைக்கு வில்லுக்கெல்லாம் சந்தனம் அப்பியதில் நாண் பதினைந்து நாள் வழுக்கியது. கார்த்திகையில் கண்மாய் நிறைந்து வலை போட்டபோது ஒரு விரால் முதுகில் அம்போடு ஏறியது. அசையும் இலக்கு ஒன்று என்று பொன்னழகு நோட்டில் ஏற்றிக்கொண்டார்.

சித்திரையில் நடந்ததைத்தான் சொல்லாமல் விட்டேன். கோடைப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. இலக்குப் பலகையில் காகிதத்தை நிமிர்த்திக் குத்தப் போன பொன்னழகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். சிவபிரகாஷ், "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடினான். பக்கத்தில் போய்க் குனிந்ததும் கண்ணைத் திறந்து, சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"சட்டம் மூணு. ஒரு மாசம் தள்ளி நில்லு."

"ஒங்களுக்கு என்னமோ ஆயிருச்சுன்னுல்ல ஓடியாந்தேன்!"

"ஆனா என்ன? பின்னாலருந்து ஒரு மடையன் அம்ப விட்டா ரெண்டு பொணமாகும். பரீட்சையில ஃபெயிலு. போ."

பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தன. முப்பத்தோரு வயது ஆண்பிள்ளை ஒரு மாதம் வேலிக்கு வெளியே நின்று அம்பு எண்ணினான்.

இனி மார்கழி, அவர் செத்த அன்று காலை ஏழு மணி. பொன்னழகுவைத் தவிர ஐந்து பேர்தான் வந்திருந்தார்கள். அம்புகளைப் பொறுக்கிக்கொண்டு எல்லோரும் கோட்டுக்குத் திரும்பிவிட, பொன்னழகு மட்டும் வழக்கம்போல் காகிதத்தை நிமிர்த்தப் பின்தங்கினார். திரும்பி வந்து அவர் ஊதினால்தான் அடுத்த சுற்று. ஊதவில்லை. பலகைக்குப் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார், பிறகு பக்கவாட்டில் சாய்ந்தார்.

"ஐயா விழுந்துட்டாக" என்று கல்லூரியில் படிக்கிற அனுசுயா வில்லைப் போட்டுவிட்டு ஓடப் போனாள். சிவபிரகாஷ் அவள் கையைப் பிடித்தான்.

"நில்லு. பரீட்சை இது."

"அண்ணே, விழுந்த விதம் சரியில்லண்ணே."

"அன்னைக்கும் இப்பிடித்தான் விழுந்தாரு. ஒரு மாசம் வெளிய நின்னவன் நானு. நீ நிக்கிறியா?"

மருது செல்போனில் நேரம் வைத்தான். சித்திரையில் இரண்டு நிமிசத்தில் பரீட்சை முடிந்துவிட்டது; இந்தத் தடவை எவ்வளவு தாங்குகிறார் பார்ப்போம் என்றான். கோட்டில் நின்றபடியே கூப்பிட்டார்கள். பதில் இல்லை. சிவபிரகாஷ் போன் போட்டான். அவர் பையில் முருகன் பாட்டு முழுதாகப் பாடி ஓய்ந்தது. மைதானத்தில் போன் எடுக்கக் கூடாது என்பது ஐந்தாவது சட்டம். "ஆளு அசையுறாரா பாரு" என்று மருது வியந்தான்.

டீக்கடையிலிருந்து வடைப் பொட்டலம் வந்தது. தின்றார்கள். அவருக்கு இரண்டு எடுத்து வைத்தார்கள். ஒரு காக்கை இறங்கி அவர் தோளில் உட்கார்ந்து, ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நெற்றிச் சந்தனத்தைக் கொத்தியது. அதற்கும் அவர் அசையாததைப் பார்த்து, "என்னா கட்டுப்பாடு!" என்றான் மருது. அனுசுயா அழ ஆரம்பித்தாள். சிவபிரகாஷ் அவள் கையை விடவில்லை.

ஆடு மேய்க்கிற கருப்பி கரையிலிருந்து இறங்கி வந்தாள். அவள் கழக உறுப்பினர் இல்லை. நேரே போய்க் குனிந்து பார்த்தாள்.

"ஏ அப்பு, ஆளு செத்துக் கெடக்காரு! அங்குட்டு நின்னு என்னத்தத் திங்கிறீக?"

ஐந்து பேரும் கோட்டைப் பார்த்தார்கள். மருதுதான் முதலில் வாய் திறந்தான். "ஆத்தா, அவரு கழுத்துல விசில் இருக்கும். அத ஒரு தடவ ஊதிரு."

கருப்பி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ஊதினாள். அப்புறம் ஓடினார்கள், நல்ல வேகமாகத்தான் ஓடினார்கள்.

மூன்றரை மணிக்குக் குளிப்பாட்டல் முடிந்து வாசலில் கிடத்தியிருந்தபோது, மருது சிவபிரகாஷைப் பந்தல் காலுக்குப் பின்னால் இழுத்தான்.

"தம்பி, ஆண்டறிக்கை அச்சுக்குப் போயிருச்சு. 'இந்த ஆண்டு மைதானத்தில் ஒரு அசம்பாவிதமும் இல்லை'ன்னு ஒரு வரி கெடக்கு. இருக்கட்டுமா?"

"என்னண்ணே கேக்குறீக?"

"இல்ல, மாரடைப்புதானே? அம்பு பட்டுச் சாகலையே. நம்ம கணக்குல வராதுல்ல?"

சிவபிரகாஷ் பதில் சொல்வதற்குள் தெருமுனையில் கருப்பி வருவது தெரிந்தது. தலைமயிரை அவிழ்த்து விட்டு, மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். அவன் குறுக்கே ஓடினான்.

"ஆத்தா, நீங்க சிரமப்பட வேணாம். டீ குடிச்சுட்டு இங்குட்டு ஒக்காருங்க."

"எதுக்குப்பு? எழவு வீட்டுக்கு வந்துட்டு டீயக் குடிக்கவா?" என்று அவன் கையை விலக்கினாள். "ஒங்கப்பா எம் மாடு தண்டவாளத்துல நின்னப்ப ரயிலுக்குக் கொடி காட்டி நிறுத்துன மனுசன். மாட்டுக்கு நிறுத்துனவரு."

அவள் போய் மாரடித்துக்கொண்டிருந்த பெண்கள் வட்டத்தில் உட்கார்ந்தாள். யோகலட்சுமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒப்பாரிக்கு அந்தப் பக்கத்தில் ஒரு மரியாதை உண்டு. அதில் யார் எதைச் சொன்னாலும் குறுக்கே பேசக் கூடாது. கருப்பி நல்ல பாட்டுக்காரி. அன்றைக்குப் பார்த்து குரலும் கணீரென்று வந்தது.

"சாஞ்சு விழுந்தீகளே சாமி – அந்தச்
சருகு மேல விழுந்தீகளே
வடையத் தின்ன வாயெல்லாம் – ஒங்க
வாயத் தொறந்து பாக்கலையே

ஓடி வந்த பொண்ணுப்புள்ள – அவ
ஒருத்திதான ஓடி வந்தா
கூடப் பொறக்காத கையப் போயி – ஒங்க
கொள்ளி வைக்கும் மகன் புடிச்சானே"

வட்டத்திலிருந்த பெண்கள் ஆடிக்கொண்டே தலையை மட்டும் திருப்பி ஆண்கள் நின்ற பக்கம் பார்த்தார்கள். யோகலட்சுமி திரும்பவில்லை. கருப்பியின் தோளைப் பிடித்து ஆடியவள், ஆட்டம் தப்பாமல், கடைசி அடியை அவளோடு சேர்ந்து மறுபடி பாடினாள். பிறகு இடுப்பிலிருந்த விசிலை எடுத்து, கருப்பியின் மடியில் வைத்தாள். சுவரோரம் நின்ற அனுசுயா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வெளியே போனாள்.

வாய்க்கரிசி போடும்போது சிவபிரகாஷ் அம்மாவுக்கு எதிரே வந்தான். மூடிய கையில் அரிசி. அவள் தலை குனிந்தபடியே கேட்டாள்.

"எம்புட்டு நேரம்டா?"

"இருபத்திநாலு நிமிசம்."

"வடை தின்னியா?"

"ஒண்ணுதாம்மா."

இரண்டு தின்றிருந்தான். அவன் அரிசியைப் போட்டான். பாதி உதட்டிலிருந்து வழிந்து மாலையில் விழுந்தது. வீரணன் எல்லோரையும் விலக்கினார். நாலு இருபத்தைந்துக்குத் தூக்கினார்கள். ராகு காலத்துக்கு ஐந்து நிமிசம் மீதியிருந்தது. பொன்னழகு உயிரோடு இருந்திருந்தால் திருப்திப்பட்டிருப்பார்.

சுடுகாட்டில் மொட்டையடித்து, குடம் உடைத்து, கொள்ளி வைத்து, முறையெல்லாம் பிசகில்லாமல் நடந்தது. இரங்கல் கூட்டத்தில் மருது ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தை வாசித்தான். வரியை எடுக்கவில்லை.

குளித்துவிட்டு வந்ததும் தாய்மாமன் வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டை வாசல் பந்தலில் போட்டார்கள். சிவபிரகாஷ் மொட்டைத் தலையில் ஈரத் துண்டோடு உட்கார்ந்தான். பக்கத்து இலையில் மருது. சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. ரசவாளியோடு வந்துகொண்டிருந்த வீரணனின் கையிலிருந்து யோகலட்சுமி வாளியை வாங்கினாள்.

"ஏ யோகா! இன்னைக்கு நீ எந்திரிக்கக் கூடாது தாயி. போய் மூலையில ஒக்காரு."

"எம் புள்ளைக்கு ஊத்திட்டு ஒக்காந்துக்கிறேன்."

பந்தியில் பேச்சு நின்றது. அவள் அவன் இலைக்கு முன்னால் குனிந்து, கரண்டி நிறைய எடுத்து ஊற்றினாள். இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

"போதும்மா."

ஊற்றினாள். அவன் இரண்டு கைகளையும் இலைமேல் விரித்து மறைத்தான். அவள் கைமேலேயே ஊற்றினாள். சூடு ஆறிப் போன ரசம். கரண்டியை வாளியில் போட்டுவிட்டு, வாளியையே சாய்த்தாள். ரசம் சோற்றை இழுத்துக்கொண்டு இலையைத் தாண்டி, அவன் வேட்டியை நனைத்து, பாய் வழியாக ஓடியது.

மருது தன் இலையைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டான்.